யாரைக் கும்பிடுகிறாய் என்ற கேள்வி

அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவு, அரசுப் பதவி எதற்கும் ஒருவருடைய மதத்தைத் தகுதியாக வைக்கக் கூடாது என்கிறது. 1787இல் எழுதியது. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் அங்கே தேர்தல் வந்தால் வேட்பாளர் எந்தச் சர்ச்சுக்குப் போகிறார், பைபிளில் அவருக்குப் பிடித்த வசனம் எது என்றெல்லாம் டி.வி.யில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். சட்டம் கேட்காதே என்கிறது, ஜனங்கள் கேட்கிறார்கள்.

நம்மூரில் இது தலைகீழ். மதத்தின் பேரால் ஓட்டுக் கேட்காதே என்று நம் தேர்தல் சட்டம் வேட்பாளரிடம் சொல்கிறது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவில் அது முறைகேடு. 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு, நாலுக்கு மூன்று என்ற கணக்கில், வேட்பாளர் தன் மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் முறைகேடுதான் என்று தீர்ப்பளித்தது. ஆக, மேடையில் மதம் பேசக் கூடாது. ஆனால் மேடை ஏறுவதற்கு முன்னால், சில தொகுதிகளில், நீ என்ன மதம் என்று அரசாங்கமே கேட்கிறது. பதில் சரியில்லை என்றால் மேடையே கிடையாது.

அப்படிப்பட்ட தொகுதி ஒன்றில்தான் எனக்கு ஓட்டு இருக்கிறது. என் ஊர் மங்களூர். வெளியூரில் சொன்னால் உடனே மீன் குழம்பைப் பற்றி விசாரிப்பார்கள். அது கர்நாடகத்து மங்களூர். எங்களுடையது கடலூர் மாவட்டத்தின் மேற்குக் கோடி, திட்டக்குடி வட்டம், மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரி பூமி. பிழைப்பு விருத்தாசலத்தில், ஒரு செராமிக் பட்டறையில். 2008 தொகுதி மறுசீரமைப்புக்கு முன்பு மங்களூர் என்ற பெயரிலேயே ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. தனித் தொகுதி. 2001இல் தொல். திருமாவளவன் இங்கிருந்துதான் சட்டமன்றத்துக்குப் போனார். 2006இல் செல்வப்பெருந்தகை போனார். இப்போது தொகுதியின் பெயர் திட்டக்குடி. அதுவும் தனித் தொகுதிதான்.

தனித் தொகுதியில் நிற்கப் பட்டியல் சாதிச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழ் யாருக்குக் கிடைக்கும் என்பதை 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணை தீர்மானிக்கிறது. அதன் மூன்றாம் பத்தி, இந்து மதம் அல்லாத வேறொரு மதத்தை மேற்கொள்பவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியேதான். பழங்குடியினருக்கு இப்படி ஒரு நிபந்தனை இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஞானஸ்நானம் வாங்கிய பழங்குடி பழங்குடியாகவே இருக்கிறார். ஞானஸ்நானம் வாங்கிய பறையரோ பள்ளரோ சக்கிலியரோ பட்டியலிலிருந்து போய்விடுகிறார். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு வந்துசேர்வார். அந்தப் பட்டியலுக்குச் சட்டமன்றத்தில் தனி இடம் எதுவும் இல்லை.

இன்னொரு விசித்திரமும் உண்டு. கடவுளே இல்லை என்று ஊர் ஊராகப் பேசுகிறவர் தனித் தொகுதியில் நிற்கத் தடையில்லை. அவர் வேறொரு மதத்தை மேற்கொள்ளவில்லை, அவ்வளவு போதும். ஜெயித்துப் போனால் ஆண்டவன் பேரால் உறுதிமொழி எடுக்கலாம், உளமார என்று சொல்லியும் எடுக்கலாம், அது உன் இஷ்டம் என்கிறது அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை. உள்ளே போனபிறகு மனசாட்சிக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் அதே சட்டம், வாசலில் மட்டும் நிறுத்தி, நீ யாரைக் கும்பிடுகிறாய் என்கிறது.

ஒருவர் யாரைக் கும்பிடுகிறார் என்று கேட்க யாருக்காவது உரிமை உண்டா? அரசுக்கு, வாக்காளருக்கு, பத்திரிகைக்காரருக்கு? அமெரிக்கச் செய்திகளைப் பார்க்கும்போதும் எங்கள் தொகுதியை நினைக்கும்போதும் எனக்கு இந்த ஒரே கேள்விதான் வருகிறது.

*

எங்கள் பட்டறையில் பாலிஷ் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். உண்மையில் அவருக்கு இரண்டு பெயர். ரேஷன் கார்டில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒன்று. மகனுடைய சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர் என்று இருக்கிறது. கார்த்திகைக்கு முன்னால் அகல் விளக்கும் பிள்ளையாரும் அவர் கைவழியாகத்தான் போகும், டிசம்பரில் குடிலுக்கான மாதாவும் சூசையப்பரும் போவார்கள். எல்லாம் ஒரே களிமண், ஒரே சூளை. ஒருநாள் பேச்சுவாக்கில், "இப்படி ரெண்டு பேரா இருக்கிறது உங்களுக்குக் கஷ்டமா இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"சாமிக்கு நான் யாருன்னு தெரியாதா தம்பி? அதுகிட்ட நான் எதையும் மறைக்கல. தாசில்தாருக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கு. அவருக்கு என்ன சொன்னா புரியுமோ அதைச் சொல்லியிருக்கேன்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "நான் கும்புடுறது மாறிப்போச்சு. தெருவு மாறலையே. அதே தெருவுலதான இருக்கேன்" என்றார்.

சட்டத்தின் மொழியில் இதற்குப் பெயர் வேறு. 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவ நம்பிக்கையோடு வாழ்ந்துகொண்டு வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது. நீதிபதிகள் தங்கள் முன்னால் இருக்கும் ஆணையைப் படித்தார்கள், அதன்படி சொன்னார்கள். தர்க்கத்தில் பிழை இல்லை. ஆனால் எது முதலில் வந்தது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு பெயர் முதலில் வரவில்லை. நம்பிக்கையைச் சொன்னால் பிள்ளையின் படிப்புக்கும் வேலைக்கும் இருக்கும் வழி அடைபடும் என்ற நிபந்தனைதான் முதலில் வந்தது. அதன்பிறகுதான் அந்தத் தெருவில் இரண்டாவது பெயர் பிறந்தது.

"நம்பிக்கை உண்மை என்றால் அதற்கான விலையைக் கொடுக்கட்டுமே" என்று நண்பர்கள் சொல்வார்கள். நியாயமான பேச்சுதான். நம்பிக்கைக்காக இழந்தவர்களைத்தான் எல்லா மதமும் கொண்டாடுகிறது. ஆனால் விலை கொடுப்பவருக்குத்தான் அந்தப் பெருமை. விலையை வைத்தவர் அதில் பங்கு கேட்க முடியாது. தவிர, இந்த விலை எல்லோருக்கும் வைக்கப்படவில்லை. நாளைக்கு ஒரு நில உடைமைச் சாதிக்காரர் கிறிஸ்தவரானால் நிலம் போகாது, தெரு போகாது, பொதுத் தொகுதியில் நிற்கும் தகுதி போகாது. மனசாட்சிக்கு வரி கட்டும்படி இந்த நாட்டில் கேட்கப்படுவது கடைசித் தெருவில் இருப்பவர் மட்டும்தான்.

அம்பேத்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1952 பொதுத் தேர்தலில் பம்பாய் வடக்கிலும், 1954 இடைத்தேர்தலில் பண்டாராவிலும் பட்டியல் சாதியினருக்கான இடத்தில் நின்று தோற்றார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தரானார். டிசம்பர் 6இல் இறந்துபோனார். இடைப்பட்ட அந்த 53 நாட்களில், 1950 ஆணையின்படி, தனி இடத்தில் நிற்கும் தகுதி அம்பேத்கருக்கு இல்லை. அவர் பின்னால் போன லட்சக்கணக்கானவர்களுக்கு அந்தத் தகுதி திரும்பி வர 34 வருடம் ஆனது.

*

ஒரு கேள்வியைச் சட்டம் கேட்க ஆரம்பித்துவிட்டால், அதற்குச் சாட்சியம் தேட வேண்டும். நம்பிக்கைக்கு என்ன சாட்சியம்? கோலார் தங்கவயல் வழக்கைப் பார்க்கலாம். ராஜகோபால், சுரங்கத் தொழிலாளர்களின் அந்தத் தமிழ் ஊரில் ஆதிதிராவிடராகப் பிறந்து, கிறிஸ்தவராகி, பின்னர் இந்துவாகத் திரும்பியதாகச் சொன்னவர். 1967 தேர்தலில் தனித் தொகுதியில் ஜெயித்தார். தோற்றவர் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம், திரும்பி வந்தாலும் சாதிக்காரர்கள் அவரைச் சேர்த்துக்கொண்டதற்குச் சான்று இல்லை என்று அந்த வெற்றியை ஒப்புக்கொள்ளவில்லை. 1972இல் மறுபடி ஜெயித்தார், மறுபடி வழக்கு. 1975இல் அதே நீதிமன்றம், இப்போது சாதி அவரை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்று அந்த வெற்றியை ஒப்புக்கொண்டது. இரண்டு தேர்தலுக்கு நடுவில் அவருடைய உள்ளத்தில் என்ன மாறியது என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. எந்த விழாவுக்கு யார் கூப்பிட்டார்கள், அவர் எங்கே போய் உட்கார்ந்தார் என்பதைத்தான் பார்க்க முடிந்தது.

ஐம்பது வருடம் கழித்தும் அதேதான். கேரளத்து தேவிகுளம், தேயிலைத் தோட்டத் தமிழர்கள் இருக்கும் தனித் தொகுதி. 2021இல் ஜெயித்த ஆ. ராஜா கிறிஸ்தவர் என்று வழக்கு. திருச்சபைப் பதிவேடுகள் வந்தன, கல்யாணப் புகைப்படங்கள் வந்தன. 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தேர்தல் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. ஒரு மனிதருடைய கல்யாண ஆல்பத்தை நீதிமன்றம் புரட்டிப் பார்த்து அவருடைய கடவுளைக் கண்டுபிடிக்க வேண்டிய நிலை. அவர் ஜெயித்தாரா தோற்றாரா என்பதைவிட எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

இதைப் படிக்கும்போது நம் டி.வி. விவாதங்கள் நினைவுக்கு வராமல் இருக்காது. 2020 அக்டோபரில் பசும்பொன்னில் கொடுத்த திருநீற்றை மு.க. ஸ்டாலின் என்ன செய்தார் என்று நாள் முழுக்கப் பேசினார்கள். 2025 ஜூனில், எங்கள் தொகுதியின் முன்னாள் உறுப்பினர் திருமாவளவன் திருப்பரங்குன்றம் போய்வந்தபோது நெற்றித் திருநீற்றைத் துடைத்தாரா, ஏன் துடைத்தார் என்று மறுபடியும் விவாதம். அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினார்கள். நெற்றியில் இருந்தால் நடிப்பு என்று ஒரு தரப்பு, இல்லாவிட்டால் அவமதிப்பு என்று இன்னொரு தரப்பு. இரண்டு தரப்புக்கும் பிழைப்பு ஒரே நெற்றியில்தான். கோயிலுக்கு வெளியே அந்தத் தலைவர்கள் என்ன சட்டம் கொண்டுவந்தார்கள், எதை எதிர்த்தார்கள் என்று பேச ஆரம்பித்தால் அரை மணி நேரத்தில் பார்க்கிறவர் சேனலை மாற்றிவிடுவார். திருநீறு உண்டா இல்லையா என்பதற்கு ஒரே வார்த்தையில் பதில் கிடைத்துவிடும். அதனால்தான் அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது.

*

அமெரிக்காக்காரர்கள் இதில் நம்மைவிட மேலா? சட்டத்தில் மேல். 1961இல் மேரிலாந்து மாநிலத்தில் நோட்டரி வேலைக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு என்று உறுதி சொல்ல வேண்டும் என்றிருந்தது. டொர்காசோ என்பவர் மறுத்தார். அந்த நிபந்தனை செல்லாது என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. பழக்கத்தில் அவ்வளவு மேல் இல்லை.

1928இல் கத்தோலிக்கரான ஆல் ஸ்மித் ஜனாதிபதி தேர்தலில் நின்றபோது, போப்பாண்டவர் வந்து வாஷிங்டனில் உட்கார்ந்துவிடுவார் என்று பிரச்சாரம் நடந்தது. அவர் தோற்றார். 1960இல் இன்னொரு கத்தோலிக்கர், ஜான் கென்னடி, செப்டம்பர் 12 அன்று ஹூஸ்டன் நகரில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் கூட்டத்தில் போய் நின்றார். நான் எந்தச் சர்ச்சை நம்புகிறேன் என்பது எனக்கு மட்டும் முக்கியம், எந்த அமெரிக்காவை நம்புகிறேன் என்பதுதான் உங்களுக்கு முக்கியம் என்ற கருத்தில் பேசினார். என் பதவிக் கடமையும் என் மனசாட்சியும் மோதினால் பதவியை விட்டுப் போய்விடுவேன் என்றும் சொன்னார்.

2008இல் ஒபாமா முஸ்லிம் என்று ஒரு வதந்தி. அவருடைய ஆட்கள் இல்லை, இல்லை, கிறிஸ்தவர்தான் என்று விளக்கிக்கொண்டிருந்தார்கள். எதிர்க்கட்சிக்காரரான காலின் பாவல் ஒரு டி.வி. பேட்டியில் சொன்னது வேறு மாதிரி. அவர் முஸ்லிம் இல்லை என்பது சரியான பதில், ஆனால் உண்மையிலேயே சரியான பதில், முஸ்லிமாகவே இருந்தால்தான் என்ன என்பது என்றார். வதந்தியைப் பொய் என்று நிரூபிப்பதே அந்தக் கேள்விக்கு மரியாதை கொடுப்பதுதான் என்று அவருக்குப் புரிந்திருந்தது.

இந்த இரண்டு பேச்சையும் சேர்த்துப் பார்த்தால் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் இரண்டு கேள்விகள் தனித்தனியாகத் தெரியும். ஒன்று, நீ யாரைக் கும்பிடுகிறாய். இன்னொன்று, உன் கும்பிடு என் வாழ்க்கையில் என்ன செய்யப்போகிறது. முதலாவது, நீ எங்கள் ஆளா என்று பார்ப்பதற்கு. இரண்டாவது, காரணம் கேட்பது. முதலாவதைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை என்று நினைக்கிறேன். இரண்டாவதைக் கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. கேட்காமல் விடுவதுதான் தப்பு.

இது சுலபமான பிரிவு இல்லை. 2017இல் ஏமி கோனி பாரெட்டை நீதிபதியாக்கும் விசாரணையில் செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன், உங்களுக்குள் மதக் கோட்பாடு உரக்க ஒலிக்கிறது, அது கவலையாக இருக்கிறது என்ற பொருளில் பேசினார். கத்தோலிக்கர்கள் கொதித்துப்போனார்கள். அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. நம்பிக்கையையே குற்றச்சாட்டாக்கிய பேச்சு அது. ஆனால் கவலைக்குக் காரணமே இல்லையா? 2022 ஜூனில் கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்த தீர்ப்பில் பாரெட்டின் ஓட்டும் இருந்தது. அதற்குக் காரணம் அவருடைய மதம்தான் என்று யாரும் நிரூபிக்க முடியாது. அவர் சட்டக் காரணம் வைத்திருக்கிறார். அதனால்தான் கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்க வேண்டும் என்கிறேன். ஒரு பெண்ணின் உடம்பு பற்றிய வழக்கு வந்தால் எந்தக் காரணத்தை ஏற்பீர்கள், எதை ஏற்கமாட்டீர்கள் என்று கேட்டிருந்தால், அது கத்தோலிக்கருக்கும் நாத்திகருக்கும் ஒரே கேள்வியாக இருந்திருக்கும்.

மதத்தை அரசியலிலிருந்து முழுக்க வெளியே தள்ளிவிடலாமே என்பவர்களும் உண்டு. எனக்கு அது ஒத்துவரவில்லை. மார்ட்டின் லூதர் கிங் ஒரு போதகர். 1963இல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதியபோது, நீதியான சட்டம் எது என்பதற்கு அவர் கடவுளின் சட்டத்தைத்தான் துணைக்கு அழைத்தார். அந்த வாயை அடைத்துவிட்டு என்ன அரசியல் பேசுவது? ஜெர்மானியத் தத்துவவாதி ஹேபர்மாஸ் இதற்கு ஒரு நடுவழி சொல்கிறார். பொதுவெளியில் மத மொழியில் பேசலாம், ஆனால் சட்டமாகும் இடத்துக்கு வரும்போது அது எல்லோருக்கும் புரிகிற காரணமாக மொழிபெயர்க்கப்பட வேண்டும். கிங் பேசியதை அப்படி மொழிபெயர்க்க முடிந்தது. கடவுளை நம்பாதவனும் அந்தச் சிறைக் கடிதத்தைப் படித்து ஆமாம் என்று சொல்லலாம். கூடவே, கிங்கின் நம்பிக்கை முதலில் கிங்கிடம்தான் விலை கேட்டது, பிறகுதான் அடுத்தவரிடம் நியாயம் கேட்டது. அடுத்தவரிடம் மட்டுமே கேட்கும் நம்பிக்கையைக் கண்டால் நான் ஜாக்கிரதையாக இருந்துகொள்வேன்.

*

1950 ஆணையை ஆதரிப்பவர்கள் வைக்கும் வாதங்களைப் புறந்தள்ளக் கூடாது. தீண்டாமை இந்து சமூகத்தின் நோய், மருந்தும் அங்கேதான் வேண்டும், சமத்துவத்தைப் போதிக்கும் மதத்துக்குப் போனவருக்கு எதற்கு என்பது ஒன்று. ஆனால் சீக்கியமும் பௌத்தமும் சமத்துவத்தைத்தான் போதிக்கின்றன, அவை உள்ளே இருக்கின்றன. அப்படியானால் அளவுகோல் போதனை இல்லை, நடைமுறை. நடைமுறை என்ன? எங்களுக்கு வெகுதூரம் இல்லாத உளுந்தூர்பேட்டை வட்டத்து எறையூரில் பெரிய கத்தோலிக்கத் திருத்தலம் இருக்கிறது. தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். 2008 மார்ச்சில் வன்னியக் கிறிஸ்தவர்களோடு மோதல், வீடுகள் நொறுங்கின, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 பேர் செத்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே ஜெபமாலைதான். 1985இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம், புது மதத்திலும் அதே கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்டுங்கள் என்று கேட்டது. எறையூரைத் தவிர வேறென்ன காட்டுவது?

இரண்டாவது வாதம் கனமானது. இருக்கும் பங்கிலிருந்துதானே கொடுப்பீர்கள், மிஷன் பள்ளியில் படித்தவர் வந்து நிற்கும்போது எங்கள் பிள்ளை என்ன செய்வான் என்று இந்து தலித் குடும்பங்கள் கேட்கின்றன. அந்தப் பயம் உண்மையானது. ஆனால் அது கணக்குப் பிரச்சினை. பங்கை எவ்வளவு கூட்டுவது என்று உட்கார்ந்து பேசலாம். கணக்குப் பிரச்சினைக்கு நம்பிக்கையைப் பூட்டாகப் போடுவதுதான் சரியில்லை.

மூன்றாவது வாதம் திருச்சபைகளுக்கு. ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று என்று பிரசங்கம், திங்கட்கிழமை எங்களுக்குள்ளும் சாதி உண்டு என்று டெல்லிக்கு மனு. கல்லறையில் சுவரை வைத்துக்கொண்டு சலுகை கேட்பது எப்படி என்று கேட்டால், அவர்களால் தலை நிமிர்ந்து பதில் சொல்ல முடியாது. ஆனாலும் சுவர் கட்டியவர் செய்த தப்புக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் புதைக்கப்படுபவரைத் தண்டிப்பது நியாயமாகாது.

2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத நிபந்தனையை எடுத்துவிடச் சொன்னது. 2022 அக்டோபரில் மத்திய அரசு நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவர்களையும் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தீர்மானங்களுக்குக் குறைவில்லை.

இந்த இடத்தில் துளசேந்திரபுரத்தைச் சொல்லத் தோன்றுகிறது. திருவாரூர் மாவட்டத்துச் சின்ன ஊர், கமலா ஹாரிஸின் தாத்தாவுடைய பூர்வீகம். 2020இலும் 2024இலும் அந்த ஊர் தர்ம சாஸ்தா கோயிலில் அவர் ஜெயிக்க வேண்டும் என்று அபிஷேகம் செய்தார்கள். அவர் பாப்டிஸ்ட் திருச்சபையின் உறுப்பினர். அது அந்த ஊரில் ஒரு பிரச்சினையாகவே இல்லை. நம்ம பொண்ணு, அவ்வளவுதான். அது உண்மையிலேயே அழகான விஷயம், கேலி செய்ய ஒன்றுமில்லை. நம் ஜனங்களுக்கு அந்த விசாலம் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி அது. அதே விசாலம் எங்கள் பட்டறை அக்காவின் மகன் வேட்புமனுவோடு வந்து நின்றால் கிடைக்காது. கடல் கடந்து போன மேல்தெருவின் பேத்தி யாரைக் கும்பிட்டாலும் நம் பெண்ணாக இருக்க முடியும். கீழ்த்தெருவின் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறான் என்பதை மட்டும் விசாரித்தாக வேண்டும்.

*

எங்கள் மாவட்டத்திலேயே வடலூர் இருக்கிறது. 2023 ஜூனில் அங்கே வந்த அப்போதைய ஆளுநர் ஆர்.என். ரவி, வள்ளலாரைச் சனாதன தர்மத்தின் உச்ச நட்சத்திரம் என்ற பொருளில் பேசினார். மாநில அரசு 2021 முதல் அவருடைய பிறந்தநாளான அக்டோபர் 5ஐத் தனிப்பெருங்கருணை நாளாகக் கொண்டாடுகிறது. வள்ளலார் யாருடைய ஆள் என்று சேனல்கள் சண்டைக்கு ஆள் பிடித்தன. சாதியும் சமயமும் ஆசாரமும் வேண்டாம் என்று சொல்லிப் போனவருக்கே முதல் கேள்விதான் கிடைத்தது.

அவர் கட்டிவைத்த இரண்டு கட்டடங்களைப் பார்த்தாலே போதும். 1867இல் தொடங்கிய சத்திய தருமச்சாலை, அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அங்கே இலையில் உட்கார ஒரே தகுதி, பசி. நீ யார் என்று கேட்பதில்லை. சற்றுத் தள்ளி 1872இல் திறந்த சத்திய ஞான சபை. அங்கே நிபந்தனை உண்டு. கொலையும் புலாலும் விட்டவர்களே உள்ளே வரலாம். ஆக வள்ளலாரும் ஒரு வாசலில் கேள்வி கேட்டார். அந்தக் கேள்விமீதும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. இந்த நாட்டில் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்பது பெரும்பாலும் எந்தத் தெரு என்று கேட்பதாகவே முடிகிறது. அதைச் சொல்லாமல் வள்ளலாரைப் புகழ்வது நேர்மை இல்லை. ஆனால் அவர் கேட்டது செய்கையைப் பற்றி, பிறப்பையோ மதத்தையோ பற்றி இல்லை. மாற்றிக்கொள்ளக்கூடியதைப் பற்றி, இன்னொரு உயிருக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றி.

இரண்டு வாசலுக்கும் இரண்டு வேறு அளவு என்பதை அந்த மனிதர் தெளிவாக வைத்திருந்தார். துன்பத்தைத் தீர்க்கும் இடத்தில் துன்பம் உண்டா என்று மட்டும் பார்க்க வேண்டும். பொறுப்பு கொடுக்கும் இடத்தில் நடத்தையைப் பார்க்க வேண்டும். இடஒதுக்கீடு தருமச்சாலையைச் சேர்ந்தது. தெருவில், கிணற்றில், சுடுகாட்டில் இன்னும் ஒதுக்கிவைக்கிறார்களா என்பதுதான் அதற்கான தகுதி. யாரைக் கும்பிடுகிறார் என்பது இல்லை. சட்டமன்றமும் நாடாளுமன்றமும் சபையைச் சேர்ந்தவை. என் மேல் என்ன சட்டம் போடப்போகிறாய், அதற்கு எனக்கும் விளங்குகிற காரணம் வைத்திருக்கிறாயா என்று கேட்கலாம், விடாமல் கேட்கலாம். நாம் செய்துகொண்டிருப்பது இரண்டையும் மாற்றிப் போட்டதுதான். பசித்தவரிடம் மதம் கேட்கிறோம். பதவிக்கு வருபவரிடம் நெற்றியைப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறோம்.

அடுத்த தேர்தலில் திட்டக்குடியில் வேட்பாளர்கள் ஓட்டுக் கேட்டு வருவார்கள். எல்லோரும் சட்டப்படி சரியான மதத்தைச் சேர்ந்தவர்களாகவே இருப்பார்கள். மாலையோடு கோயிலுக்கும் போவார்கள், சர்ச்சுக்கும் போவார்கள், தர்காவுக்கும் போவார்கள். சர்ச்சில் பாதிரியார் தலையில் கை வைத்து ஜெபிப்பார். அந்தக் கூட்டத்தில் முழங்காலில் இருக்கும் பட்டியல் தெருப் பிள்ளைகளில் ஒருவர்கூட, அங்கே இருப்பதை வெளியே சொல்லிக்கொண்டு, அந்த வேட்பாளருக்கு எதிராக அதே தொகுதியில் நிற்க முடியாது. எந்தக் கட்சி வேட்பாளராக இருந்தாலும், அவர் அங்கே எழுந்து வெளியே வரும்போது கேட்கத்தக்க கேள்வி ஒன்றுதான் எனக்குத் தோன்றுகிறது: உள்ளே இருப்பவர்களுக்காக நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்?